பெட்டி போச்சு

"சாரே, நம்ம பெட்டி போச்சு." புதுக்கடைச் சந்தைக்கு மீன் கொண்டுபோகும் அந்தோணி சைக்கிளைவிட்டு இறங்காமலே சொன்னான். நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "நல்லதாப் போச்சு. இனியாவது காதுக்கு ஒரு சமாதானம் உண்டு" என்றேன். அவன் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு மிதித்துப் போய்விட்டான்.

நம் பாட்டுக் குழுவினராகிய நீங்கள் இதை ஏற்கெனவே கேள்விப்பட்டிருப்பீர்கள். ஊர் தங்கையனைப் பெட்டி என்றுதான் கூப்பிடும். அந்தோணி சொன்னது ஆளை. நான் நினைத்தது அவர் வாசிக்கும் பெட்டியை. தங்கையன் இறந்துவிட்டார் என்பது பள்ளிக்கூடத்தில் வேறொருவர் சொல்லித்தான் விளங்கியது. அன்று இரண்டு பாடம் நடத்தினேன். என்ன நடத்தினேன் என்று தெரியாது.

குழுவில் பிறகு சேர்ந்து அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தங்கையன் சந்தைமுக்கில் சாயாக்கடை வைத்திருந்தார். பீருமேட்டிலிருந்து தேயிலை வந்த பலகைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, நடுவில் துளையிட்டு, குளச்சலில் வாங்கிய தூண்டில் கயிற்றைக் கோத்து, மறுமுனையை ஒரு கமுகு வாரிக் கம்பில் கட்டினார். விளிம்பில் குதிகாலை ஊன்றி, வாரியைச் சாய்த்து இழுத்துக் கயிற்றைச் சுண்டினால் 'தும், தும்' என்று அடிவயிற்றில் விழும். கொழும்பில் வேலை பார்த்தபோது கப்பல்காரர்கள் வாசிக்கப் பார்த்தாராம்.

எனக்கு அதைப் பிடிக்காது. நான் ஆர்மோனியக்காரன், சுருதி தெரிந்தவன் என்ற திமிர். "இது வாத்தியமா தங்கையா, எலிப்பெட்டியா?" என்பேன். அவருக்குக் கோபமே வராது. "நம்ம ரெண்டு பேருக்கும் பெட்டிதானே சாரே. உம்ம பெட்டிக்குக் காத்து வேணும், எம்பெட்டிக்குக் காலு போதும்."

குழித்துறையில் ஒரு கல்யாண வீட்டில் நம் குழுவின் பாட்டு; அவரும் பெட்டியோடு வந்திருந்தார். நம் தமிழ்த் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேருமா சேராதா என்று பந்தலில் காரசாரமாகப் பேச்சு. சாரல் அடித்து ஆர்மோனியம் நனைந்து, பாட்டின் நடுவில் கட்டைகள் எழும்பாமல் ஒட்டிக்கொண்டன. பாட்டு ஆளுக்கொரு பக்கம் போகப் பார்த்தது. தங்கையன் என் முகத்தைப் பார்த்தார். பிறகு 'தும், தும்' என்று ஓங்கிச் சுண்டிப் பாட்டைப் பிடித்து நிறுத்தினார். நான் ஊமைக் கட்டைகள்மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்ததும் கல்யாண வீட்டுக்காரர் எனக்கு நேரியல் துண்டு போர்த்தினார். வாங்கிக்கொண்டேன். திரும்பும் வழியில் பேச வாயெடுத்தேன். "அடியில கெடக்கியது வெளிய தெரியாண்டாம் சாரே" என்று அவர் முந்திக்கொண்டார். எனக்கும் அது வசதியாக இருந்தது.

அடக்கம் முடிந்ததும் அவர் மனைவி மரியம்மை என்னைக் கூப்பிட்டார். நான் காலையில் சொன்னதை அந்தோணி அவரிடம் சொல்லியிருந்தான்.

"சாரு சொன்னது பெட்டியைத்தானே?"

"பெட்டியைத்தான்."

"எனக்குத் தெரியும். அவரு கேட்டிருந்தா சிரிச்சிருப்பாரு." எழுந்துகொண்டே, "பெட்டியையும் அப்படிச் சொல்லியிருக்காண்டாம் சாரே" என்றார். உள்ளே போய் அதைத் தூக்கி வந்து என் கையில் கொடுத்தார்.

எனக்கு அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை.

பெட்டி இப்போது என் வீட்டில் இருக்கிறது. விளிம்பில் அவர் குதிகால் தேய்த்த பள்ளம் இருக்கிறது. நேற்று அதில் காலை வைத்துச் சுண்டிப் பார்த்தேன். சத்தம் வந்தது, எந்தச் சுருதியிலும் சேரவில்லை. குழித்துறை நேரியலை மடித்து அதன்மேல் வைத்திருக்கிறேன். அவருடையதாக என்னிடம் இருப்பவை இந்த இரண்டும்தான். அன்று பாடியவர்கள் நீங்கள். உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்: அன்று என் பெட்டி ஊமை. நீங்கள் கேட்டுப் பாடியது அவரை.