தண்ணீர் ஏறிய வீட்டை விற்ற கதை

சபையார் எல்லாருக்கும் என் வணக்கம். நான் ஜெயசீலி, திண்டிவனத்தில் இருக்கிறேன். இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஆண்டவர் செய்ததை மறைத்தால் அது இன்னும் பெரிய வெட்கம்.

விழுப்புரத்தில் எங்களுக்குச் சொந்த வீடு இருந்தது. என் கணவருக்குத் திண்டிவனத்துக்கு வேலை மாறியதும் இங்கே ஒரு புது வீட்டைப் பார்த்தோம். பழையதை விற்றுவிட்டு வாங்கலாம் என்றேன். "அதுவரைக்கும் இந்த வூடு நமக்காகக் காத்துக்கினு இருக்குமா?" என்றார் அவர். நகைகளை அடகு வைத்து, வங்கிக் கடனும் போட்டு வாங்கினோம். தை மாதம் புது வீட்டுக்குப் பிரதிஷ்டை ஜெபம் வைத்தோம். விருந்துக்கு வந்தவர்கள் பழைய வீட்டைப் பற்றிக் கேட்டபோது, "வாங்குறதுக்குப் பார்ட்டி ரெடியா இருக்குங்க" என்று சிரித்தேன். அப்படி யாரும் இல்லை.

சித்திரை போனது, ஆடியும் போனது. பழைய வீட்டைப் பார்க்க வந்தவர்கள் தெருவில் விசாரித்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்கள். காரணம் எங்களுக்குத் தெரியும். முன்பு ஒரு பெருமழையில் அந்த வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் ஏறியிருந்தது. புது பெயிண்ட் அடித்துக் கறையை மூடியிருந்தோம்.

கடன் தவணை கட்ட முடியவில்லை. வங்கியிலிருந்து ஆள் வந்தால் ஃபேனை நிறுத்திவிட்டு, கதவைத் திறக்காமல் உள்ளே உட்கார்ந்திருப்பேன். ஜெபக் கூட்டத்துக்கும் போவதை நிறுத்தினேன். யார் முகத்தைப் பார்ப்பது? "ஒரு ஆளை அனுப்பும் ஆண்டவரே" என்று அழுதேன்.

ஆவணியில் ஒரு தம்பதி வீடு பார்க்க வந்தார்கள். கணவர் கண்டமங்கலத்துக்காரர், பஸ் கண்டக்டர். மனைவி விழுப்புரத்தில் நர்ஸ். அந்தப் பெண் என்னைத்தான் கேட்டாள்: "மழைக்குத் தண்ணி உள்ள வருமாக்கா?"

நான் பதில் சொல்வதற்குள், "அதெல்லாம் வராதும்மா" என்றார் என் கணவர். நானும் தலையாட்டினேன். அடுத்த வாரம் முடிவைச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்று முழங்கால் போட்டேன். நன்றி சொல்ல வாய் வரவில்லை. ஜெபித்துக் கேட்ட ஆள் வந்து நின்றபோது, அவர்களிடமே பொய் சொல்லிவிட்டோமே. ஆண்டவரிடம் வீட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "என் வாயைத் திறவும்" என்று மட்டும் கேட்டேன்.

அவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மறுநாள் கணவரிடம் சொன்னேன். அவருக்குக் கோபம். "இவங்கள விட்டா வேற யாரு வருவாங்க? பேங்க்குக்கு நீ பதில் சொல்றியா?" என்றார். கடைசியில் அவரே அந்தத் தம்பதியின் எண்ணை அழுத்தி, போனை என்னிடம் நீட்டினார். "நீயே சொல்லு. எனக்குப் பேச மூஞ்சி இல்ல."

தண்ணீர் ஏறியதைச் சொன்னேன். பெயிண்ட் அடித்ததையும் சொன்னேன்.

"தெரியுங்கக்கா," என்றாள் அந்தப் பெண். "கதவு நிலையில கீழ மரம் ஊறிப் போயிருந்துச்சு. அன்னிக்கே பார்த்தேன். உங்க முன்னாடி சொன்னா சங்கடப்படுவீங்கன்னு வந்துட்டோம். வேணாம்னுதான் முடிவு பண்ணிக்கினு இருந்தோம்."

எனக்கு உடம்பு கூசிப்போனது. எங்கள் மானத்தைக் காப்பாற்ற நினைத்தவளிடமா பொய் சொன்னோம்? மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்தேன். வீடு விற்காமல் போனால் போகட்டும் என்று மனது முதல் முறையாக அடங்கியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தால், எங்கள் வாசலில் அந்தத் தம்பதி நிற்கிறார்கள்.

"தண்ணி ஏறாம ஜாக்கி வச்சு வூட்ட மேல தூக்கிக்கலாங்க," என்றார் கண்டக்டர். "அந்தச் செலவ மட்டும் வெலையில கழிச்சுடுங்க. இதையே நீங்களா சொல்லிட்டீங்க, பத்திரத்துல ஒண்ணும் ஒளிச்சிருக்க மாட்டீங்கன்னு நம்பிக்கை வந்துச்சு."

என் கணவர் கைகூப்பினார்.

ஐப்பசி மழைக்கு முன்பே பதிவு முடிந்தது. நினைத்த விலை இல்லை. வளையல்கள் இன்னும் அடகில்தான் இருக்கின்றன. ஆனால் தவணை பாக்கி தீர்ந்தது. இப்போது யார் வந்தாலும் கதவைத் திறக்கிறேன்.

அன்பானவர்களே, உங்கள் தேவையை மட்டும் அவரிடம் சொல்லாதீர்கள். நீங்கள் மூடி வைத்திருப்பதையும் சொல்லுங்கள். நான் வீடு வாங்க ஒரு ஆளைக் கேட்டேன். ஆண்டவர் முதலில் என் வாயைத் திறந்தார். வீடு விற்றது அதற்குப் பிறகுதான்.