மார்சேயிலிருந்து நாலு தங்கல்

சனிக்கிழமை விடிந்ததும் வயிரவன் தோள்பைக்குள் இரண்டு செங்கல்லை வைக்கிறான். அதற்கு மேல் ஒரு துண்டு, ஓர் அவல் பொட்டலம், ஒரு தகர டம்ளர். பையை மாட்டிக்கொண்டு, புதுக்கோட்டை மாணவர் விடுதி வாசலில் நின்று, அறைத் தோழன் அடைக்கலத்தைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொல்வான்.

"எறங்கியாச்சு."

கப்பலைவிட்டு பிரான்ஸ் தேசத்து மார்சேய் துறைமுகத்தில் இறங்கியாகிவிட்டது என்று அர்த்தம். பிறகு இருவரும் வெறுங்காலோடு பதினொரு மைல் நடந்து, அடைக்கலத்தின் ஊரான அன்னவாசலுக்குப் போய்ச் சேர்வார்கள். மறுநாள் அதே செங்கல்லோடு திரும்புவார்கள். பி.ஏ. கடைசி வருஷம் படிக்கிற பிள்ளைகள் செங்கல் சுமப்பதைப் பார்த்துச் சந்தைக்குப் போகிறவர்கள் சிரிப்பார்கள். வயிரவன் அவர்களுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடப்பான்.

ஆள் ஒல்லி. மூக்குக்கண்ணாடியின் ஒரு காது உடைந்து, நூல் சுற்றியிருக்கும். திருமயம் பக்கத்தில் கோட்டை மாதிரி வீடு. பர்மாவில் இருந்த சொத்தெல்லாம் சண்டையோடு போய்விட்டதால், அந்த வீட்டில் இப்போது தேக்குத் தூண்களும் ஒரு பழைய அட்லாஸும்தான் மிச்சம். அட்லாஸைப் பார்த்துப் பார்த்து, பி.ஏ. பரீட்சை முடிந்த கையோடு ஐரோப்பா போய் வருவதென்று பதினாறு வயதில் முடிவு செய்தவன். இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டோடு அதற்கு நாலு வருஷம் ஆகிறது.

கையில் காசில்லாதவன் எப்படி ஐரோப்பா போவது? வயிரவன் பழனிக்குப் போகிற மாதிரி போகப் போகிறான். அவன் சமூகத்தார் வருஷா வருஷம் தைப்பூசத்துக்குக் காவடியோடு பழனிக்கு நடப்பார்கள். ஏழு வயதிலிருந்து அவனும் நடக்கிறான். ஒரு நாளைக்குப் பதினைந்து மைல், பிறகு ஒரு தங்கல். ஐரோப்பாவுக்கும் அவன் அந்தக் கணக்கையே போட்டான். கொச்சியிலிருந்து சரக்குக் கப்பல். மார்சேயில் இறங்கினால் ரயில் பக்கமே தலைவைக்காமல் நடை; சனிக்கிழமைச் செங்கல் சுமை அதற்குத்தான் பழக்கம். அவிஞ்ஞோன் அருகே ஒரு தோட்டத்தில் மாணவர் முகாம்; செர்ரிப் பழம் பறித்துக் கொடுத்தால் சோறும் படுக்கையும் இலவசம்.

"அறுவது மைலு. நாலு தங்கல். பழனியவிடக் கொறச்சல்தான்டா!"

கப்பல் கட்டணத்துக்காகக் கீழராஜவீதியில் நாலு வீட்டுப் பிள்ளைகளுக்குத் வாரத்தில் ஐந்து நாள் காலையில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறான். பிரெஞ்சுக்காரர்களின் ரொட்டி கல்லாக இருக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமை ஒரு பன் வாங்கி, வெள்ளிக்கிழமை வரை காய வைத்து, விடுதி ரசத்தில் முக்கித் தின்று பழகுகிறான். ஒரு தடவை பல் ஆடிவிட்டது. "பழகிட்டா சரியாப் போகும்" என்றான், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

அடைக்கலம் திருச்சிக்கு அப்பால் ஓர் ஊரையும் பார்த்ததில்லை. ஆனால் வயிரவனோடு நடக்கும்போது அவனுக்கு மெய் சிலிர்த்துவிடும். வழியில் ஒரு கண்மாய் வந்தால் போதும், வயிரவன் நின்றுவிடுவான். "தண்ணி ஓடுறதா நெனைச்சுக்க. அதான் ரோன் ஆறு. எடது கைப்பக்கமாக் கூடவே வரும்." அடைக்கலம் இடது பக்கம் திரும்பிப் பார்ப்பான். பிறந்ததிலிருந்து பார்த்த கண்மாய்தான். அது ஓடுகிற மாதிரியே இருக்கும். இப்படி ஒரு மனிதன் தன்னையும் கூட்டிக்கொண்டு போகிறானே என்று நினைத்துக்கொள்வான்.

அடைக்கலத்தின் ஆத்தா உண்ணாமலை, மகனுடைய கப்பல் கட்டணத்துக்காக இரண்டு கன்றுகளை விற்றாள். இருவருக்கும் பாஸ்போர்ட் வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான், இருவருக்கும் இடம் கேட்டு எழுதியதற்கு முகாமிலிருந்து கடிதம் வந்தது. இடம் ஒன்றுதான் இருக்கிறது. ஒருவர் மட்டும் வரலாம்.

சர்க்கார் எடுத்துப்போக விடும் வெளிநாட்டுப் பணம் நாலு நாள் காப்பிக்குக் காணாது. முகாமில் இடமில்லாதவன் அங்கே பட்டினிதான் கிடக்க வேண்டும். அடைக்கலம் கடிதத்தை இரண்டு தரம் படித்தான்.

"நீ போயிட்டு வா வயிரவா. வந்து சொல்லு, கேட்டுக்கிறேன்."

வயிரவனுக்குக் கோபம் வந்து அன்றுதான் அடைக்கலம் பார்த்தான். "பழனிக்கு எத்தனை காவடி போகுதோ, அத்தனையும் ஒண்ணா ஊரு திரும்பணும். கெளம்பறப்பவே ஒண்ணக் கழிச்சுட்டுப் போகச் சொல்றியா?"

உட்கார்ந்து பதில் எழுதினான். பொடிப்பொடி எழுத்து, ஒரு ஏர்மெயில் தாளில் நாற்பத்து நாலு வரி பிடிக்கும் கை அது. அன்று எழுதியது ஐந்தே வரி. எங்கள் இருவரையும் ஓர் ஆளாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டில், ஒரு தட்டு போதும். காலையில் ஒருவன் பழம் பறிப்பான், மத்தியானம் மற்றவன். முடியாதென்றால் அந்த ஓர் இடத்தையும் வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

கடைசி வரியைப் படித்ததும் அடைக்கலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலு வருஷ ஆசையை இவன் எனக்காகத் தபாலில் பணயம் வைக்கிறானே! கையைப் பிடித்துத் தடுத்துப் பார்த்தான். வயிரவன் கையை விடுவித்துக்கொண்டு போய்த் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தான்.

முப்பத்தெட்டு நாள் பதில் இல்லை. சனிக்கிழமை நடை மட்டும் நிற்கவில்லை. "எறங்கியாச்சு" என்று அவன் சொல்லும்போதெல்லாம் அடைக்கலம் தலையைக் குனிந்துகொண்டு நடந்தான்.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கையில் கடிதம் வந்தது. வயிரவன் பிளேடால் ஓரத்தை அறுத்து, நின்றபடியே உரக்கப் படித்தான். இப்படி ஒரு விண்ணப்பம் இதுவரை எங்களுக்கு வந்ததில்லை, இருவரும் வரலாம், ஒரு கட்டில், ஒரு தட்டு. அடைக்கலம் துள்ளி எழுந்தான். வயிரவன் கடிதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அடியில் இன்னும் ஒரு வரி இருந்தது. ஏணியேறிப் பறிப்பதால், தடித்த தோல் பூட்ஸ் இல்லாதவர்களைத் தோட்டத்துக்குள் விடமாட்டோம்.

நாலு வருஷமாக அவன் எழுதித் திருத்திய பட்டியலில் ஊசி, நூல், சுக்குப்பொடி வரைக்கும் இருந்தது. காலுக்கு ஒன்றுமில்லை. பழனிக்கு யார் செருப்புப் போட்டுக்கொண்டு போகிறார்கள்? எல்லாம் போக மிஞ்சியிருந்த பணத்தில் ஒரு ஜோடிதான் வாங்கலாம்.

வயிரவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டான். கடிதத்தின் வெற்றுப் பக்கம் மேலே வரும்படி தரையில் விரித்து, மண்டியிட்டு உட்கார்ந்தான்.

"ஒனக்குத்தான் பெரிய காலு. ஒன் அளவுக்கே வாங்கிருவோம், இதுல வையி. என் முறை வாரப்போ நான் துணி அடைச்சுக்கிறேன்."

அடைக்கலம் தயங்கித் தயங்கிப் பாதத்தை வைத்தான். வயிரவன் குனிந்து, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, குதிகாலிலிருந்து மெதுவாகக் கோடு இழுக்கத் தொடங்கினான்.