பூ வண்டிக்குப் பதினைந்து இன்ச்

மல்லிகைப்பூ ஏற்ற டர்போ எதற்கு என்று என்னிடம் கேட்காத ஆள் எங்கள் கிள்ளான் ஊரில் இல்லை. இரண்டு பேர் உட்காரும் சின்ன பிக்கப் அது. பின்னால் நான்கு பூப்பெட்டி வைக்கலாம். முன்பு வைத்திருந்தவன் ஏதோ கிறுக்கில் அதற்குள் டர்போ இன்ஜினை மாட்டினான். பிறகு பிள்ளைகுட்டி என்று ஆனதும் மலிவாகத் தள்ளிவிட்டான். நான் வாங்கினேன். காலையில் பூ வாடாமல் தலைநகரில் பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேருகிறது. இதற்கு மேல் யாருக்கு என்ன விளக்கம் சொல்ல வேண்டும்?

ஆனால் இது வண்டியின் கதை அல்ல, என் மனைவி குமுதாவின் கதை. நான் முகுந்தன், பூக்கடைக்காரன். பொண்டாட்டியைப் பற்றிப் புருஷன் பெருமை பேசினால் ஊர் சிரிக்கும். நன்றாகச் சிரிக்கட்டும், எனக்கென்ன.

குமுதா காப்பார் சாலையில் பரமேஸ்வரன் அண்ணனின் டயர் கடைக்குப் போய்ப் பதினான்கு வருஷம் ஆகிறது. தரை கூட்டவும் தேநீர் கலக்கவும்தான் சேர்த்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், சக்கரத்தைச் சுழற்றி எடை சமன் பார்க்கும் பாலன்சிங் இயந்திரத்தின் முன்னால் நிற்கிறாள். யாரும் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பார்த்தே பிடித்துக்கொண்டாள். நான் அவளை முதலில் பார்த்ததும் அங்கேதான். மோட்டார் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போயிருந்தேன். என் முகத்தைக்கூட ஏறிட்டுப் பார்க்காமல், "இந்த டயருக்கு காத்தடிச்சா நாளைக்கு ஆஸ்பத்திரியிலதான் இருப்பீங்க. அடிக்க மாட்டேன்," என்றாள். அடுத்த வருஷம் எங்களுக்குக் கல்யாணம்.

இத்தனை தெரிந்தவளுக்குக் கடையில் இடம் எங்கே? பின்பக்கம், இயந்திரத்தருகே. வாடிக்கையாளருக்கு எந்த சைஸ் என்று சொல்வது முன்னால் கவுண்டரில் இருப்பவரின் வேலை. அங்கே பரமேஸ்வரன் அண்ணன்தான் உட்காருவார். சந்தேகம் வந்தால் பின்னால் வந்து குமுதாவிடம் மெதுவாகக் கேட்டுவிட்டு, முன்னால் போய்த் தன் வாயால் சொல்லுவார். "பொம்பள சொன்னா கேப்பாங்களாம்மா?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளோ, "விடுங்க, சரியான டயர்தானே போகுது," என்பாள்.

அந்தப் பொறுமை ஒரு சனிக்கிழமை போயிற்று. கம்போங் மேடானில் பட்டறை வைத்திருக்கும் ராதாகிருஷ்ணன் ரிம் வாங்க வந்தான். என் பிக்கப் டயர் மாற்றுவதற்காகக் கடை வாசலில் நின்றது. வண்டியோடு வந்த பதினாலு இன்ச் டயர்கள் தேய்ந்து வழவழப்பாகிவிட்டிருந்தன.

"என்னக்கா, டர்போ வண்டிக்குத் தள்ளுவண்டி சக்கரமா? பதினேழு போடுங்க லா. இருநூத்தஞ்சு, நாப்பது, பதினேழு. அப்பத்தான் கெத்து!" டயருக்கு அகலம், பக்க உயரம், ரிம் என்று மூன்று எண்.

"நிறுத்தி வைக்க கெத்தா இருக்கும், தம்பி. ஓட்டணுமே," என்றாள் குமுதா. "அந்த சைஸ் போட்டா சக்கரம் மொத்தமா ரெண்டு சென்டிமீட்டர் உயரும். ஸ்டீயரிங்க முழுசா ஒடிச்சா மட்கார்டுல உரசும். ரிம்மும் கனம். கெளம்புறப்போ இழுவையே இருக்காது. நூத்தித் தொண்ணூத்தஞ்சு, அம்பது, பதினஞ்சு போட்டா அகலமும் கெடைக்கும், உயரமும் பழசு மாதிரியே இருக்கும்."

ராதாகிருஷ்ணன் சிரித்துக்கொண்டே கவுண்டர் பக்கம் திரும்பினான். "பாஸ், நீங்க சொல்லுங்க. அக்காவுக்கு என்ன தெரியும்?"

பரமேஸ்வரன் அண்ணன் குனிந்து ரசீதுப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார். அவளிடம் கேட்டுக் கேட்டே பதினான்கு வருஷம் டயர் விற்ற மனுஷன்!

குமுதா கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "அடுத்த ஞாயித்துக்கெழம பந்திங் ரோட்டுப் பக்கம் ஓட்டம் இருக்கில்ல? கூம்பு வச்சு வளைஞ்சு வளைஞ்சு ஓட்டுவீங்களே, அது. நானே ஓட்டுறேன். இந்த வண்டி, பதினஞ்சு இன்ச். ஒரு நிமிஷத்துக்குள்ள முடிச்சா கவுண்டர் எனக்கு, பாஸ். முடிக்கலைன்னா இனிமே சைஸைப் பத்தி வாயே தொறக்க மாட்டேன்."

"சரிம்மா," என்றார் அவர். வேறு என்ன சொல்வார்? போன மாதம் அதே ஓட்டத்தில் ராதாகிருஷ்ணனுக்கே ஒரு நிமிஷம், இரண்டு விநாடி ஆனது.

அந்த வாரம் அவள் செய்ததைப் பார்த்துப் பக்கத்துக் கடைக்காரர்கள் வாய்பொத்திச் சிரித்தார்கள். பதினைந்து இன்ச் டயர்களை மாட்டி, வண்டியைக் காப்பாரில் பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோனாள். அங்கே லோரி எடை போடும் மேடை இருக்கிறது. முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றினாள்: அறுநூற்று இருபது கிலோ. பிறகு பின் சக்கரங்களை மட்டும்: முந்நூற்று எண்பது. "பாத்தீங்களா, முன்னாலதான் கனம். முன்னாலயும் பின்னாலயும் ஒரே காத்து அடிச்சா பின்பக்கம் துள்ளும்," என்றாள். டயரின் குறுக்கே சாக்பீஸால் கோடு போட்டு, கொஞ்ச தூரம் ஓட்டி, கோடு எங்கே அழிகிறது என்று குனிந்து பார்த்துக் காற்றைக் கூட்டினாள், குறைத்தாள். ஓரமும் நடுவும் ஒன்றுபோல அழியும்வரை விடவில்லை. அப்படி ஆக மூன்று நாள் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பழைய கிடங்கு ஒன்றின் பெரிய தார் மைதானம். முப்பது வண்டிகள், ஆளுக்கு இரண்டு ஓட்டம். குமுதா பெயர் கொடுத்துவிட்டுப் பாதையை நடந்து பார்க்கப் போனாள். வண்டியோடு நான் தனியாக இருந்தேன். சும்மா இருந்தேனா? என் பொண்டாட்டி ஓட்டப்போகிற வண்டி, ரதம் மாதிரி இருக்க வேண்டாமா? கண்ணாடிக்கு மாலை போட்டேன், சந்தனம் குங்குமம் வைத்தேன், சூடம் காட்டினேன், சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினேன். அதோடு விட்டிருக்கலாம். டயர் பாலிஷ் டப்பாவை எடுத்து நான்கு டயரிலும், பக்கவாட்டில் மட்டுமா, தரையைத் தொடும் இடத்திலும் பளபளவென்று அடித்தேன்.

முதல் ஓட்டத்துக்கு அவள் திரும்பி வந்ததுமே கூப்பிட்டுவிட்டார்கள், டயரைக் குனிந்து பார்க்க நேரமில்லை. இரண்டாவது வளைவிலேயே வண்டி வாழைப்பழத் தோலை மிதித்தவன் போலச் சறுக்கியது. மூன்று கூம்புகள் விழுந்தன. ஒரு நிமிஷம், ஆறு விநாடி.

"நான் அப்பவே சொன்னேன்ல பாஸ்?" என்று ராதாகிருஷ்ணன் பரமேஸ்வரன் அண்ணனிடம் கத்தினான். பிறகு, கெட்டவன் இல்லை அவன், குமுதாவிடம் வந்து, "அக்கா, என்கிட்ட பதினேழு இன்ச் ஒரு செட் இருக்கு. ரெண்டாவது ஓட்டத்துக்குப் போட்டுக்குங்க," என்றான். எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

குமுதா குனிந்து டயரில் விரலைத் தேய்த்தாள், மோந்து பார்த்தாள், நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஐயோ, அந்தப் பார்வை! பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. ஆனால் அத்தனை பேர் முன்னால் அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "வேணாம் தம்பி. சைஸ் சரிதான். ஓட்டுனதுலதான் தப்பு," என்றாள்.

எனக்குத் தாங்கவில்லை. "அவ மேல ஒரு தப்பும் இல்ல!" என்று கத்தினேன். "நான்தான் டயர்ல பாலிஷ் அடிச்சேன்! பூசை போடுறேன்னு இந்த மடையன்தான் கெடுத்தேன்!"

மைதானமே சிரித்தது. குமுதாவும் சிரித்தாள். "கத்துனது போதும், வாளி எடுத்துட்டு வாங்க," என்றாள்.

பாத்திரம் கழுவும் சோப்பும் பிரஷும் வாங்கி வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான்கு டயரையும் தேய்த்தேன். அவள் பக்கத்தில் நின்று, "இன்னும் தேய்ங்க, இன்னும்," என்று வேலை வாங்கினாள். துடைத்துக் காய வைத்து, கிடங்குக்குப் பின்னால் பத்து ரவுண்டு ஓட்டிச் சூடேற்றிக் கொண்டுவந்தாள்.

இரண்டாவது ஓட்டத்தை நான் பாதி கண்ணை மூடிக்கொண்டுதான் பார்த்தேன். சறுக்கல் இல்லை, உரசல் இல்லை. கூம்புக்குக் கூம்பு வண்டி ஒட்டிக்கொண்டு திரும்பியது. கடைசி வளைவில் பின்பக்கம் லேசாக அசைந்தது, அதையும் பிடித்துவிட்டாள். ஐம்பத்தெட்டு புள்ளி நாலு விநாடி. பூ விற்கிற தொண்டை இது, நான் போட்ட கூச்சல் அடுத்த ஊர் ஜெஞ்சாரோம் வரைக்கும் கேட்டிருக்கும். அழுதேன் என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். ஆமாம், அழுதேன்.

திங்கட்கிழமை பரமேஸ்வரன் அண்ணன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பாதியளவுக்குத்தான். கவுண்டரில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டார். தானும் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். பதினோரு மணிக்கு ராதாகிருஷ்ணன் வந்தான். பழக்கதோஷம், அண்ணன் எழுந்து, "வாங்க தம்பி, என்ன சைஸ் பாக்கணும்?" என்றார்.

"நீங்க உக்காருங்க பாஸ்," என்றான் ராதாகிருஷ்ணன். "நான் அக்காகிட்ட கேக்க வந்தேன்."