இடமிருந்து மூன்றாவது ஆள்

பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னலே இல்லாத ஓர் அறையில், பத்தொன்பது வருடமாக அவள் ஸ்கேன் செய்துகொண்டிருந்தாள். வட்டாரத்தின் பழைய பத்திரிகைகள், குடும்பப் படங்கள், ஆலைச் சங்க நோட்டீஸ்கள் எல்லாம் அவள் கைபட்டுத்தான் இணையத்துக்குப் போயின. மாணவர்கள் அவளை ‘ஸ்கேன் அக்கா’ என்றார்கள். இருமல் வந்தால் தூசி என்பாள். டாக்டரும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் நீட்டி.

ஒரு மழைக்காலத்தில், காலமான பத்திரிகைப் படக்காரர் ஒருவரின் வீட்டிலிருந்து நான்கு பெட்டிகள் வந்தன. இரண்டாவது பெட்டியில் ஒரு பாலத் திறப்புவிழாப் படம். இடமிருந்து மூன்றாவதாக நின்றவரின் இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. அச்சகத்து இயந்திரம் தின்ற விரல்கள். வீட்டிலிருந்த ஒரே படத்தில் பார்த்த அதே முகம். அவளுடைய அப்பா.

பின்பக்கம் பென்சிலில் தேதி இருந்தது. அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அப்பா இறந்துபோனதாக அவள் நம்பியதோ ஐந்து வயதில். படத்தில் அவர் ஒரு சின்னப் பெண்ணின் கையைப் பிடித்திருந்தார்.

அன்று சாயங்காலம் போனில் அந்தப் படத்தை அம்மாவிடம் காட்டினாள். அம்மா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

“புள்ள ஷூ போட்டிருக்கா” என்றாள்.

“செத்துட்டாருன்னு சொன்னியேம்மா.”

“போயிட்டாருன்னுதான் சொன்னேன். மத்தத நீயா நெனச்சுக்கிட்ட. நானும் விட்டுட்டேன்.”

பள்ளிக்கூடத்திலிருந்து இந்த வேலை வரை எல்லா விண்ணப்பத்திலும் தந்தை பெயருக்குப் பக்கத்தில் ‘காலமானார்’ என்று அவள்தான் எழுதினாள். ஒருதடவைகூட அம்மா தடுக்கவில்லை.

மறுநாள் படத்தின் விவரப் பக்கத்தில், ‘இடமிருந்து மூன்றாவது: அடையாளம் தெரியவில்லை’ என்று தட்டினாள்.

ஆறு மாதம் கழித்து நூலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ‘மூன்றாவதாக நிற்பவர் என் அப்பா. பக்கத்தில் நான். அவர் இப்போது இல்லை. வீட்டிலிருந்த படங்களும் வெள்ளத்தில் போய்விட்டன. பெரிய பிரதி ஒன்று கிடைக்குமா?’ கீழே அப்பாவின் முழுப்பெயர். விண்ணப்பங்களில் அவள் எழுதிய அதே பெயர், ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.

மூன்று முறை பதில் எழுதி அழித்தாள். கடைசியில் படத்தை இணைத்து, ‘பதிவுக்காக அவர் மறைந்த ஆண்டு தேவை’ என்று மட்டும் கேட்டாள். பதிவுக்கு அப்படி எதுவும் தேவையில்லை. அரை மணியில் பதில் வந்தது, நன்றியோடு. அப்பாவின் பெயரையும் ஆண்டையும் பதிவில் ஏற்றினாள்.

வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக்கூட இறக்கிவைக்காமல் சொன்னாள்: “அவர் செத்து பதினோரு வருஷமாச்சும்மா.”

அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். “சரி” என்றாள். கையிலிருந்த தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு குழாயை மூடினாள்.

“பதினோரு வருஷமாவா? இருக்காருன்னு நெனச்சு, நேத்துகூட திட்டினேனே.”