கையில் பூசுகிற மருந்து

பயம் எனக்குப் புதிதல்ல. கரப்பான் பூச்சிக்கும் பயப்படுவேன், கடுகண்ணாவை மலை வளைவில் பஸ் திரும்பினாலும் பயப்படுவேன். ஆனால் மாதவிலக்கு நின்றுபோன வருஷத்தில் வந்த பயம் வேறு மாதிரி. கந்தோர் மேசையில் உட்கார்ந்து ஃபைல் எழுதிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு படபடக்கும். கழுத்திலிருந்து சூடு கிளம்பி மண்டைக்கு ஏறும். மார்கழிக் குளிரில் எல்லோரும் ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டிருக்க, நான் மட்டும் ஃபைல் மட்டையால் விசிறிக்கொண்டிருப்பேன். ஒருநாள், வருஷக்கணக்காகப் பக்கத்து மேசையில் இருப்பவளின் பெயரே எனக்கு மறந்துபோனது. அவள் சிரித்தாள். எனக்குப் பைத்தியம் பிடிக்கப் போகிறது என்று அன்றைக்கு உறுதியாக நம்பினேன்.

பெரிய டாக்டர்களைக் காசு கட்டி, நம்பர் எடுத்து, காத்திருந்து பார்ப்பதை எங்கள் ஊரில் சனல் பண்ணுவது என்பார்கள். முதலில் சனல் பண்ணிய டாக்டரிடம் என் கணவரும் கூட வந்தார். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நோய் பெண்ணுக்கு, வாய் ஆணுக்கு. நான் வாயைத் திறக்கும் முன்பே, இவ கொஞ்சம் பயந்த சுபாவம், சின்ன விஷயத்தையும் போட்டு யோசிப்பா என்று அவர் சொல்லிவிட்டார். டாக்டர் அவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு எனக்குத் தூக்க மாத்திரை எழுதினார். அதைப் போட்டுக்கொண்டு கந்தோரில் தூங்கி விழுந்ததுதான் மிச்சம்.

லண்டனில் நர்ஸ் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகள்தான் போனில் விளக்கினாள். உடம்பில் ஹார்மோன் வற்றுவதால் வருகிற தொல்லை இது, அதைத் திரும்பக் கொடுத்தால் அடங்கும் என்றாள். எனக்குப் பிரஷர் இருப்பதால் விழுங்குகிற மாத்திரையில் இரத்தம் கட்டிவிடுகிற பயம் கூடுதல், கையில் பூசுகிற ஜெல் என்றால் அந்தப் பயம் குறைவு, அதையே கேள் என்றாள். இரண்டாவது டாக்டரிடம் அதைச் சொன்னேன். அவர் சிரித்தார். மாத்திரை வேண்டுமானால் எழுதுகிறேன், இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், நம் அம்மாமார் எல்லாம் மருந்தா பூசினார்கள் என்று கேட்டார். என் அம்மா அந்த வயது வரைக்கும் இருக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மூன்றாவதாகப் பேராதனைப் பக்கம் ஒரு லேடி டாக்டர் கிடைத்தார். அவர் என் கணவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேள்வி கேட்டார். அதுவே எனக்குப் பாதி சுகத்தைக் கொடுத்தது. குடும்பத்தில் யாருக்காவது மார்பில் கேன்சர் இருந்ததா, இருந்தால் இந்த மருந்தை யோசித்துத்தான் கொடுக்க வேண்டும் என்றார். இல்லை என்றேன். அம்மா எப்படி இறந்தார் என்றார். மஞ்சட்காமாலை என்றேன். ஜெல்லை எழுதிக் கொடுத்தார். அந்த மருந்துத் துண்டுச் சீட்டை ஹேண்ட்பேக்கில் வைக்க மனசு வராமல் வீடு வரைக்கும் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தேன்.

அம்மா போன பிறகு என்னை வளர்த்த அக்கா தெல்தெனியவில் இருக்கிறாள். சந்தோஷத்தில் முதல் போன் அவளுக்குத்தான் போட்டேன். டாக்டர் கேட்டதையும் நான் சொன்னதையும் ஒன்று விடாமல் ஒப்பித்தேன்.

"அம்மாவுக்கு மஞ்சக்காமால இல்லடி" என்றாள் அக்கா. "மார்ல கட்டி. நம்ம ரெண்டு பேருக்கும் கலியாணம் ஆகணுமேன்னு அப்பா வெளிய சொல்லல. நீ சின்னப் புள்ள, ஒனக்கும் சொல்லல."

கடைசி மாதங்களில் அம்மா படுத்திருந்த அறையில் எந்நேரமும் ஊதுபத்தி எரியும். அம்மாவுக்குப் பக்தி முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, நானும் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். அது புண்ணின் வாடைக்கு ஏற்றியது என்று அக்கா இப்போதுதான் சொன்னாள். போனை வைக்கும் முன் இன்னொன்றும் சொன்னாள். "ஒன் மகளுக்கு இப்பதான் ஒரு நல்ல எடம் வந்திருக்கு. வாயத் தெறந்துடாத."

மருந்துத் துண்டை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். அதைக் கொண்டுபோய் மருந்து வாங்கவும் பயம், கிழித்துப் போடவும் பயம். உண்மையைச் சொன்னால் ஜெல் கிடைக்காது, பழையபடி விசிறிக்கொண்டு, பெயர்களை மறந்துகொண்டு கிடக்க வேண்டும். சொல்லாமல் பூசினால் அம்மாவின் கட்டி எனக்குள்ளும் வளருமோ என்று ஒவ்வொரு நாளும் சாக வேண்டும். குளிக்கும்போது கை தானாக மார்பைத் தடவிப் பார்க்கும். இல்லாத கட்டியெல்லாம் விரலுக்குத் தட்டுப்படும். இருதலைக் கொள்ளி எறும்பு என்று சும்மாவா சொன்னார்கள்.

கடைசியில் உயிர்ப்பயம்தான் ஜெயித்தது. திரும்பவும் அதே டாக்டரிடம் போனேன். கணவரும் பக்கத்தில் இருந்தார். தமிழில் என்றால் எனக்கு நாக்கு எழுந்திருக்காது. அங்கே பேச்சு சிங்களத்தில் என்பதால் தப்பித்தேன். அம்மாவுக்கு மார்பில் கேன்சர், எங்கள் வீட்டில் மறைத்துவிட்டார்கள் என்று கடகடவென்று சொல்லி முடித்தேன். பக்கத்துக் கதிரையில் இருந்தவரைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

டாக்டர் கோபப்படவில்லை. இனி மருந்தே இல்லை என்றும் சொல்லவில்லை. முதலில் மார்பைப் படம் எடுத்துப் பார்ப்போம், அதுவரை பூச வேண்டாம் என்றார். எழுந்திருக்கும்போது, மகள் இருக்கிறாளா என்று கேட்டார். இருக்கிறாள் என்றேன். அவளுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும், அவளும் நேரத்தோடு பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்.

கண்டிக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கினோம். ஏரிக்கரையில் நடந்துகொண்டே என் கணவர் சொன்னார். "அப்பவே தெரிஞ்சிருந்தா எங்கம்மா இந்தச் சம்பந்தம் வேணாம்னுதான் சொல்லியிருப்பாங்க." அதில் கோபம் இல்லை. உள்ளதைச் சொன்னார். அப்பா கணக்குப் போட்டது சரிதான் என்று அப்போது தெரிந்தது.

படத்தில் ஒன்றும் இல்லை. வருஷா வருஷம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு டாக்டர் புதுத் துண்டு எழுதினார். கண்டியில் கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் கொழும்பிலிருந்து எடுப்பித்தோம். ஆனால் மருந்து கைக்கு வந்த பிறகும் பயம் விடவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள்.

முதல் தடவை பூசிய அன்று, மகள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, என்ன புது கிரீம் என்று கேட்டாள். உட்காரச் சொன்னேன். அவள் பார்த்தேயிராத அம்மாச்சியைப் பற்றி, ஊதுபத்தியைப் பற்றி, டாக்டர் சொன்னதைப் பற்றி எல்லாம் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவள் கை மெல்ல எழுந்து நெஞ்சுக்குப் போனது. அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"அப்ப, ஞாயித்துக்கிழம வர்றவங்ககிட்ட இத சொல்லணுமாம்மா?" என்றாள்.

வாயத் தெறந்துடாத. அக்காவின் வார்த்தை என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அப்பா சொன்னதும் இதே வார்த்தையாகத்தான் இருக்கும். பெற்ற பிள்ளைக்கு நல்லது நினைத்துத்தான் அவரும் சொல்லியிருப்பார். அவர் எதற்குப் பயந்தாரோ அதற்குத்தான் நானும் பயந்துகொண்டிருந்தேன்.

"நானே சொல்றேன்" என்றேன்.

மகள் தலையாட்டினாள். ஜெல் காயும் வரைக்கும் சட்டைக் கையை இறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மேலே சுருட்டிவிட்ட கையை அப்படியே நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.