செண்பகம் அக்காவும் எங்கள் ஏரித் தண்ணீரும்

செண்பகம் அக்கா இறந்த செய்தி எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில்தான் எனக்குக் கிடைத்தது. யாரோ பழைய சோபா விற்பனைக்கு என்று படம் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே, "நம் அன்புக்குரிய செண்பகம் ஆன்ட்டி இன்று காலை மாரடைப்பால் காலமானார்" என்று ஒரு வரி. பிறகு கும்பிட்ட கைகளும் மலர்களும் அழும் முகங்களும் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. அலுவலக பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து அதைப் படித்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அன்புக்குரியவராம்! போன வருஷம் இதே குழுவில், இதே விரல்கள்தான் அவர் தலையில் கொலைப்பழியைப் போட்டன.

தமிழ்ச் சங்க மலரின் ஆசிரியர் மறுநாள் என்னை அழைத்தார். "நீங்கதான் அவங்களுக்கு ரொம்ப க்ளோஸ். ஒரு ட்ரிப்யூட் எழுதிக் குடுங்க. கான்ட்ரவர்சி எதுவும் வேணாம். ஸ்மைலிங் ஃபேஸ், ஹெல்ப்பிங் நேச்சர், அந்த மாதிரி" என்றார். செண்பகம் அக்கா சிரித்த முகத்துக்காரர் இல்லை. சிரித்தே ஆகவேண்டிய இடத்தில்கூடப் பாதிதான் சிரிப்பார். யார் தப்பாகப் பேசினாலும் சபை என்று பார்க்காமல் திருத்துவார். அப்படிப்பட்டவருக்கு மழுப்பி எழுதினால் அது வேறு யாருக்கோ எழுதிய அஞ்சலியாகிவிடும்.

அவர் கோபிச்செட்டிபாளையத்துக்காரர். கோவையில் வேதியியல் படித்து, திருமணமாகி நியூ ஜெர்சிக்கு வந்தார். பிஸ்கட்டவேயில் குடியிருந்த நாட்களில் ஒரு நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கூட வேலை பார்த்த அமெரிக்கப் பெண்மணி ஒரு சனிக்கிழமை அவரை ஏரிக்கு அழைத்துப்போய்க் கையில் தூண்டிலைக் கொடுத்திருக்கிறார். "வாரம் பூரா பாட்டில்ல பாத்த தண்ணி, அங்க உசுரோட இருந்துச்சு கண்ணு" என்று அந்த நாளைப் பற்றிச் சொல்வார். அதற்குப் பிறகு அவர் தூண்டிலைக் கீழே வைக்கவே இல்லை.

கணவர் சிவசாமி அண்ணாவுக்கு டெக்சஸில் வேலை கிடைத்து இருவரும் ரிச்சர்ட்சனுக்கு வந்தபோது, எங்கள் குடியிருப்பை அக்கா தேர்ந்தெடுத்ததே நடுவிலிருக்கும் சின்ன ஏரிக்காகத்தான். வீடு பார்க்க வந்த அன்று சமையலறைக்குள் போவதற்கு முன்பே ஏரிக்கரைக்குப் போய்த் தண்ணீரைக் கையில் அள்ளி மோந்து பார்த்தாராம். வீட்டு புரோக்கர் திகைத்துப்போய் நின்றதை அண்ணா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

நானும் அங்கேதான் அவரை முதலில் பார்த்தேன். சுடிதாரும் ஷூவும் அகலத் தொப்பியுமாக நின்று தூண்டில் வீசிக்கொண்டிருந்தார். வாக்கிங் வந்த ஒரு மாமி முகத்தைச் சுளித்துக்கொண்டு, "குழம்புக்காங்க?" என்று கேட்டார். "குழம்பு வேணும்னா கடைக்குப் போங்க. இது பாஸ் மீன், இந்த ஏரியோட ராசா. பாத்துட்டு விட்டுருவேன்" என்றார் அக்கா. சொன்னபடியே கொழுத்த மீன் ஒன்றைக் கொக்கியிலிருந்து கழற்றி, ஈரக் கையால் பிடித்து, அது தானாக வாலை ஆட்டும்வரை தண்ணீருக்குள் வைத்திருந்து விட்டுவிட்டார். பிடித்ததை விடுவதற்கு எதற்கு இத்தனை பாடு என்று எனக்குத் தோன்றியது. அந்தக் கேள்வியோடு அவரோடு பேச ஆரம்பித்தவள்தான் நான்.

கோடையில் ஒரு முறை பெரிய நீர்த்தேக்கம் ஒன்றுக்கு அவருடைய சின்ன அலுமினியப் படகில் போனோம். சுற்றிலும் விலை உயர்ந்த படகுகள். வெயிலுக்குப் பயந்து மீன் அடியில் கிடக்கும் என்று எல்லோரும் ஆழத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா தூண்டிலைத் தொடவே இல்லை. நீளமான கம்பியின் நுனியில் இருந்த ஆக்சிஜன் மீட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் இறக்கினார். ஓரிடத்தில் எண் மளமளவென்று சரிந்தது.

"இதுக்குக் கீழ ஒருத்தரும் இல்ல. மேல் தண்ணி சூடு, அடித் தண்ணி குளுமை. ரெண்டும் கலக்காது. அடியில இருந்த ஆக்சிஜன் எல்லாம் தீந்துபோச்சு. மூச்சு முட்டுற வீட்டுல எவனாச்சும் குடியிருப்பானா?"

அந்த எல்லைக்குச் சற்று மேலே தூண்டிலை விட்டார். மீன் கிடைத்தது. பெருமை பேசுவார் என்று காத்திருந்தேன், பேசவில்லை. இன்னொரு நாள் செடிகள் அடர்ந்த ஒரு மூலைக்குப் போனோம். மாலை நேரத்தில் அங்கே தண்ணீரின் காரத்தன்மை ஏறியிருக்கும், மீன் சோம்பிக் கிடக்கும், திறந்த பக்கம் போகலாம் என்று படகைத் திருப்பினார். திறந்த பக்கத்திலும் ஒன்றும் கடிக்கவில்லை. "என்னக்கா, உங்க கெமிஸ்ட்ரி?" என்று சீண்டினேன். "தண்ணிய நான் அளக்கலாம். அதோட மனச அளக்க முடியுமா?" என்று சொல்லிவிட்டு ஃப்ளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றினார்.

எங்கள் ஏரியை மட்டும் அவர் விடியற்காலையில்தான் அளப்பார். பாசி பகலெல்லாம் ஆக்சிஜன் கொடுக்கும், இரவெல்லாம் அதையே எடுத்துக்கொள்ளும், ஆகவே தண்ணீர் மிகவும் தவித்துக் கிடப்பது சூரியன் வருவதற்குச் சற்று முன்னால்தான். மீட்டரை இறக்குவார். கயிற்றில் கட்டிய பாட்டிலால் தண்ணீர் மொண்டு, சோதித்துப் பார்க்க வீட்டுக்குக் கொண்டுபோவார். அந்தப் பாட்டில்தான் பின்னால் அவருக்கு வினையாக முடிந்தது.

போன வருஷம் கோடை முடிவில் ஏரி பச்சைப் பசேலென்று ஆனது. விநாயகர் சதுர்த்தி நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் குடியிருப்பில் களிமண் பிள்ளையாரை அந்த ஏரியில்தான் கரைப்போம். விழாக் குழுவுக்கும், வீட்டுக்காரர்கள் சங்கமான எச்.ஓ.ஏ. போர்டுக்கும் ஒரே ஆள்தான் தலைவர், பாலாஜி. கிளப் ஹவுஸில் கூட்டம் போட்டார்.

"வெண்டர்கிட்ட ஃபுல் லேக் டிரீட்மென்ட் புக் பண்ணியாச்சு. ஃபெஸ்டிவலுக்குள்ள தண்ணி கண்ணாடி மாதிரி ஆயிடும்" என்றார்.

அக்கா எழுந்தார். "ஏரி பூரா ஒரே நாள்ல மருந்து போடாதீங்க. செத்த பாசி அழுகும். அழுகறதுக்கு ஆக்சிஜன் வேணும். இந்தச் சூட்டுல தண்ணியில இருக்கறதே கம்மி. மூணுல ஒரு பங்கு போட்டு, கொஞ்ச நாள் விட்டு, அப்புறம் அடுத்த பங்கு போடோணும்."

"அக்கா, உங்க பாஸ் மீனுக்காக பிள்ளையாரை வெயிட் பண்ணச் சொல்ல முடியுமா?"

கூடம் சிரித்தது. கைதட்டலும் கேட்டது. "பிள்ளையார் வெயிட் பண்ணுவாருங்க. நீங்கதான் பண்ண மாட்டீங்க" என்று சொல்லிவிட்டு அக்கா உட்கார்ந்தார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

மருந்து போட்டார்கள். தண்ணீர் தெளிந்தது. ஆளாளுக்குப் படம் எடுத்துப் போட்டு பாலாஜியைப் புகழ்ந்தார்கள். வானம் மேகமூட்டமாகவே இருந்தது; மிச்சமிருந்த பாசி ஆக்சிஜன் கொடுக்க வெயில் இல்லை. கரைக்கும் நாள் காலையில் கரை நெடுக மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு வந்த குழந்தைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். கடைசியில் பிள்ளையாரை பார்க்கிங்கில் வைத்து, குழந்தைகள் விளையாடும் பிளாஸ்டிக் தொட்டியில் கரைத்தார்கள்.

அக்கா கையுறை மாட்டிக்கொண்டு, செத்த மீன்களை வலையால் அள்ளிக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார். நானும் அள்ளினேன். "பெருசெல்லாம் மொதல்ல போயிருக்குது பாரு. சின்னது மேல வந்து வாயத் தொறந்துட்டு நிக்குது. விஷம்னா சின்னதுதான் மொதல்ல போகும். இது மூச்சு முட்டிச் செத்தது" என்றார். அவர் குரல் உடைந்ததை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

நாங்கள் அள்ளிக்கொண்டிருக்கும்போதே குழுவில் ஒரு படம் வந்தது. யார் வீட்டு வாசல் கேமராவிலோ பதிவானது. அரையிருட்டில் அக்கா கரையில் குனிந்து பாட்டிலைத் தண்ணீரில் விடுகிறார். கீழே ஒரு வரி: "இதை யாராவது கவனித்தீர்களா?" அவ்வளவுதான். மதியத்துக்குள், மருந்து வேண்டாம் என்று சண்டை போட்டவர் கோபத்தில் எதையோ கலந்துவிட்டார் என்று கதை முழுசாக முடிந்துவிட்டது. வீட்டில் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுக்கிற அம்மாக்கள், பெரிய கம்பெனிகளில் டேட்டா பார்க்கிற அப்பாக்கள், ஒருவருக்குக்கூட முந்தாநாள் ஏரியில் கொட்டிய மருந்து ஞாபகம் வரவில்லை. மறு உத்தரவு வரும்வரை ஏரியில் மீன்பிடிக்கத் தடை என்று போர்டிலிருந்து ஈமெயில் வந்தது. அங்கே மீன் பிடித்தவர் அவர் ஒருவர்தான்.

அக்கா பாலாஜி வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். "எனக்கு மன்னிப்பெல்லாம் வேண்டாங்க. மீன் செத்ததுக்குக் காரணம் நான் இல்லைன்னு குரூப்புல ஒரு வரி போடுங்க" என்று கேட்டார்.

"அக்கா, நாங்க உங்க பேரையே சொல்லலையே. சொல்லாததை எப்படி வாபஸ் வாங்குறது?" என்றார் பாலாஜி. காபி சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்டார். இந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு எரிகிறது.

அதைவிட எரிவது அடுத்து நடந்தது. இந்த வசந்தத்தில் ஏரி மறுபடியும் பச்சையானபோது, மருந்துக்காரர்கள் வந்து ஒரு ஓரத்தில் மட்டும் போட்டுவிட்டுப் போனார்கள். கொஞ்ச நாள் கழித்து அடுத்த ஓரம். அதன் பிறகு மிச்சம். ஒரு மீன்கூடச் சாகவில்லை. இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று பாலாஜியைக் கேட்டேன். "பெஸ்ட் ப்ராக்டிஸ்ங்க" என்றார். அக்கா சொன்னதை எடுத்துக்கொண்டார்கள், அக்கா கேட்டதைக் கொடுக்கவில்லை. அவர் கடைசிவரை அந்தக் குழுவிலிருந்து விலகவும் இல்லை. அந்த வரி வந்திருக்கிறதா என்று தினமும் பார்ப்பார் என்று அண்ணா சொன்னார்.

அவதூறுதான் அவரைக் கொன்றது என்று நான் எழுதமாட்டேன். ஆதாரம் எங்கே என்று அக்காவே கேட்பார். ஆனால் அந்தப் பழியைச் சுமந்துகொண்டேதான் போனார், அதற்கு ஆதாரம் இருக்கிறது.

இறுதிச் சடங்கு அறை நிறைந்திருந்தது. குடியிருப்பே வந்திருந்தது. பாலாஜி பெரிய ரோஜா மாலையோடு முன்னால் வந்தார். சிவசாமி அண்ணா பெட்டிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். அதிர்ந்து பேசாத மனிதர் அவர்.

"மாலைய அப்புறம் போடலாமுங்க. அவ கேட்டது ஒரு வரிதானுங்க. அதச் சொல்லிட்டுப் போடுங்க."

"அண்ணா, இந்த டைம்ல அதெல்லாம் எதுக்கு?"

"ஜஸ்ட் சே இட், அங்கிள். ஒன் சென்டென்ஸ்" என்றாள் அவர்கள் மகள் கவிதா.

பாலாஜி கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அண்ணா அந்த மாலையை அவர் கையிலிருந்து மரியாதையாகவே வாங்கி, கடைசி வரிசையில் காலியாக இருந்த நாற்காலி ஒன்றில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். மாலை இல்லாமலே அக்காவைத் தகனத்துக்கு உள்ளே கொண்டுபோனார்கள்.

அக்கா, அவர்கள் சொல்லவில்லை. இந்த மலர் அவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போகும், அதனால் இங்கே சொல்கிறேன். அந்த மீன்களைக் கொன்றவர் நீங்கள் இல்லை. எங்கள் அவசரம்தான் கொன்றது. நீங்கள் கேட்ட ஒரு வரி இதுதான். போய் வாருங்கள்.