தும்மாத பிள்ளை

எனக்கு எண்பத்து மூன்று வயது. பெற்றது ஐந்து. கொழுந்தனார் விட்டுப்போன இரண்டையும் சேர்த்து ஏழு பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஒன்றைக்கூட மண்ணுக்குக் கொடுக்கவில்லை. இதை நான் பெருமையாகத்தான் சொல்லுவேன். ஆனால் மூன்றாவது மகளைக் கொடுக்க இருந்தேன். அதை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

வெள்ளைக்காரன் காலம். தென்காசியில் எங்கள் வீடு. சாரல் பிடித்துவிட்டால் மிளகாய் வத்தல் நமத்துப்போகும், அதற்கு முன்னாலேயே வருஷத்துக்கு வேண்டியதை இடித்துவிடுவோம். அந்த வருஷம் சாரல் முந்திக்கொண்டது. நானும் என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவியும் உரலை உள்ளே உருட்டிக் கொண்டுபோனோம். ஈரக்காற்று படக்கூடாது என்று கதவையும் சாத்தினோம்.

மதினி மூக்கை முந்தானையால் இறுக்கிக் கட்டியிருந்தாள். நான் கட்டமாட்டேன். வத்தல் இடிக்கையில் தும்மாதவள் என்று எங்கள் தெருவில் எனக்குப் பேர். மூன்றாவது மகளுக்கு அப்போது நாலு வயது. நீர்க்கோப்பில் மூக்கு அடைத்துப்போய், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சல்லடையை அசைத்ததும் வீடு முழுக்கச் செந்தூள் எழும்பியது. மதினி ஏழெட்டுத் தும்மல் போட்டாள். பிள்ளை ஒன்றுகூடப் போடவில்லை.

“மதினி, எம் மவளப் பாத்தியளா? ஒரு தும்மல் உண்டா?”

“ஒம் மவல்லா! மூக்குலயும் திமிரு இருக்கத்தான செய்யும். தூக்கி வெளிய விடுட்டி அவள.”

“இருக்கட்டும். பழகட்டும்.”

அவள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மூச்சு விட்டதை நான் பார்த்தேன். இருமியதையும் கேட்டேன். சளி இருமல்தானே என்று இன்னும் மூன்று சல்லடை சலித்தேன்.

“அம்மை” என்று கூப்பிட்டாள். சத்தம் வரவில்லை, காற்றுதான் வந்தது. மூச்சை இழுக்கும்போது தொண்டையில் விசில் மாதிரி ஓர் ஓசை. கழுத்துக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது. வாரி எடுக்கப் போனேன். என் இரண்டு கையும் மிளகாய்ப்பொடி. கண்ணீரைத் துடைத்துவிடக்கூட முடியாது. மதினி தூக்கிக்கொண்டாள். நான் கையைக் கழுவி, வெள்ளைத்துணியைத் திரியாகச் சுருட்டி மூக்கைத் துடைத்துப் பார்த்தேன். வத்தல் இடித்தால் எங்கள் எல்லாருக்கும் மூக்கில் சிவப்பாக வரும். அவள் மூக்கில் சளிதான் வந்தது.

“பொடி ஏறல மதினி. மூக்கு சுத்தமா இருக்கு.”

“பின்ன ஏன்டி இழுக்குது?”

நான் வாசலுக்கு ஓடினேன்.

ஆண்கள் எல்லாரும் வயலில். பக்கத்து வீட்டு அண்ணாச்சி வண்டி பூட்டினார். சீசனுக்குக் குற்றாலத்தில் வந்து தங்கியிருந்த டாக்டர் ஒருவரிடம் போனோம். வழியெல்லாம் அந்த விசிலையே எண்ணிக்கொண்டு போனேன். மேலகரம் தாண்டும்போது அது நின்றது. மதினி முதுகில் ஓர் அடி வைத்ததும் திரும்ப இழுத்தாள். அருவிப் பக்கம் போகப் போகச் சாரல் வண்டிக்குள் அடித்தது. முகம் நனைய நனைய இழுப்பு கொஞ்சம் தணிந்த மாதிரி இருந்தது. நம்பப் பயந்தேன்.

டாக்டர் வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தார். பஞ்சால் தொண்டையைத் தொட்டு எடுத்தார். பஞ்சு சிவப்பு.

“மூக்குல மயிரும் ஈரமும் எதுக்கு இருக்கு? வர்ற தூள அங்கேயே பிடிச்சு வைக்கத்தான். தும்மல் அத வெளிய தள்ளும். இவளுக்கு வாசலே அடைச்சிருக்கு. வாயால இழுத்திருக்கா, நேரா தொண்டைல போய் அப்பிருச்சு. தும்மாத பிள்ளையத்தான் முதல்ல வெளிய தூக்கிட்டுப் போயிருக்கணும்.”

மதினி என்னைப் பார்த்தாள். தூக்கி வெளியே விடச் சொன்னதைச் சாகும்வரை அவள் சொல்லிக்காட்டவே இல்லை.

இரண்டு நாள் குற்றாலத்திலேயே கிடந்தோம். மூன்றாம் நாள் காலையில் பிள்ளை பசிக்கிறது என்றாள். சத்தமாகச் சொன்னாள். அதற்குப் பிறகு வத்தல் இடிக்கும் நாளில் பிள்ளைகளைத் தெருக்கோடிக்கு விரட்டிவிட்டு, மூக்கைக் கட்டிக்கொண்டுதான் உலக்கையைத் தொட்டேன்.

சளி முற்றித்தான் அப்படி ஆயிற்று என்று அந்த மகளிடம் இத்தனை வருஷமும் சொல்லிவந்தேன். ஏட்டி பேத்தி, ஒங்கம்மை உள்ள இருக்காளா? கூப்பிடு. நான் சொல்லச் சொல்ல நீ எழுதுன இத அவளுக்கு முதல்லேருந்து வாசி, எனக்கும் கேக்கட்டும். “பழகட்டும்”னு நான் சொன்ன எடத்த மட்டும் முழுங்கிராத.